வளாகக் கூடைப்பந்து அரங்கம்: விளையாடாத மாணவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

தாமரைக்கொடி

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறேன். வளாக வரைபடத்தைப் பார்த்தால் என் துறைக் கட்டடத்துக்கு எதிரிலேயே ஒரு பெரிய கூடைப்பந்து அரங்கம். நூலகத்தைவிடப் பெரிது. பத்தாயிரம் பேருக்கு மேல் உட்காரலாமாம். கட்டணப் பட்டியலிலும் விளையாட்டுத் துறைக்கென்று ஒரு தொகையைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

நான் பள்ளியிலோ கல்லூரியிலோ எந்த விளையாட்டு அணியிலும் இருந்ததில்லை. ஒரு கூடைப்பந்து ஆட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்ததும் கிடையாது. ஆனால் புது மாணவர் வரவேற்பு, வேலைவாய்ப்பு முகாம், பட்டமளிப்பு விழா எல்லாமே அந்த அரங்கத்தில்தான் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அப்படியானால் அது விளையாட்டு அரங்கமா, பொது மண்டபமா? ஆட்டம் இல்லாத நாட்களில் உள்ளே விடுவார்களா? அங்கே பகுதி நேர வேலை கிடைக்கும் என்று ஒரு தோழி சொன்னாள். அது உண்மையா? அங்கே படித்த அண்ணன்கள், அக்காக்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மழைக்குருவி

வாழ்த்துகள் தாமரை. டிக்கெட் விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். மாணவர்களுக்கென்று கோர்ட்டை ஒட்டியே தனிப் பகுதி இருக்கும். சில வளாகங்களில் மாணவர் அட்டையைக் காட்டினாலே போதும், சில இடங்களில் பருவம் முழுமைக்கும் பாஸ் வாங்க வேண்டும். உங்கள் வளாகத்தில் எப்படி என்று ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள். பெண்கள் அணி ஆட்டத்துக்குப் பெரும்பாலும் சுலபமாக இடம் கிடைக்கும், ஆட்டமும் அருமையாக இருக்கும். முதல் ஆட்டமாக அதைப் பாருங்கள்.

நான் வட கரோலினாவில் இருந்தேன். அங்கே டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கத்தில் மொத்தமே 9,314 இருக்கைதான். பெரிய ஆட்டத்துக்கு இளங்கலை மாணவர்கள் 12 பேர் வரை ஒரு கூடாரத்துக்குச் சேர்ந்து, வாரக்கணக்கில் வாசலிலேயே தங்கி இடம் பிடிப்பார்கள். முதுகலை மாணவர்களுக்கு இலையுதிர் காலத்தில் தனியாக ஒரு முகாம் உண்டு. வார இறுதி முழுக்க அங்கேயே இருந்தவர்களுக்குள் குலுக்கல் போட்டு டிக்கெட் தருவார்கள். ஒன்றும் தெரியாமல் போனவர்கள்கூட அந்த முகாமில் நாலு நண்பர்களோடு திரும்பி வருவார்கள். உங்கள் வளாகத்திலும் இப்படி ஏதாவது இருந்தால் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். கல்லூரிப் பையோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற சின்ன பிளாஸ்டிக் பைக்குத்தான் பெரும்பாலும் அனுமதி.

மேப்பிள்பலகை

தங்கச்சி, வாழ்த்துகள். நான் எம்.எஸ். படித்த காலம் முழுக்க எங்கள் வளாக அரங்கத்தில் பகுதி நேர வேலை பார்த்தவன். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் தரையையும் நாற்காலிகளையும் மாற்றிப் போடுகிற குழு எங்களுடையது. அந்தக் கட்டடத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. நீளமாக எழுதப் போகிறேன், நேரம் இருக்கும்போது படியுங்கள்.

விளையாட்டு அரங்கமா, பொது மண்டபமா என்று கேட்டீர்கள். பொது மண்டபம்தான் என்பேன். நாட்களை எண்ணிப் பாருங்கள். ஆண்கள் அணி ஒரு பருவத்தில் சொந்த மண்ணில் ஆடுவது ஏறக்குறைய 15 முதல் 18 ஆட்டம். பெண்கள் அணியும் கிட்டத்தட்ட அவ்வளவே. நவம்பரில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடிந்துவிடும். சில வளாகங்களில் வாலிபால், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவையும் இங்கேதான். எல்லாவற்றையும் கூட்டினாலும் வருடத்தில் பாதி நாள் தேறாது. மீதி நாட்களில் கல்யாண மண்டபம் மாதிரிதான்: காலையில் ஒரு கூட்டம், ராத்திரி வேறொரு கூட்டம், நடுவில் நாங்கள்.

தொலைக்காட்சியில் பார்க்கும் அந்தப் பளபளப்பான மரத்தரை இருக்கிறதே, பல பெரிய அரங்கங்களில் அது நிரந்தரமானது இல்லை. அடியில் வெறும் சிமெண்ட் தளம். ஐஸ் ஹாக்கியும் அதே அரங்கத்தில் ஆடுகிற வளாகமென்றால் அடியில் பனித்தளமே இருக்கும். பருவம் முடியும்வரை அதை உருக்க மாட்டார்கள். மேலே குளிரைத் தடுக்கும் பலகைகளை விரித்து, அவற்றின் மேல் மரத்தரையைப் போடுவார்கள். மரம் மேப்பிள். 4 அடிக்கு 8 அடி அளவில் 200-க்கும் மேற்பட்ட பலகைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் இடத்தில் நடுக்கோட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டே போவோம். நடுவில் கால் அங்குலம் விலகினாலும் ஓரத்துக்குப் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று சேராது. பலகை கனமானது, தனி ஆளாகத் தூக்க முடியாது. தள்ளுவண்டியில் கொண்டுவந்து, இரண்டு பேர் இறக்கி, மூன்றாமவர் அடியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நகர்த்தி, இரும்புக் கொக்கியைப் பூட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு இணைப்புகளின் மேலேயே தட்டிக்கொண்டு நடப்பார். நாங்கள் யாரும் பேசக் கூடாது. டக், டக், டக் என்று ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும் சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று விழும், பந்தும் இடுப்பு வரை எழும்பாது. அங்கே பலகை சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அந்த வரிசையைத் தளர்த்தி, அடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பூட்டுவோம். ஒரு முறை ஒரு கொத்துச் சாவி அளவுக்குச் சுருண்ட ஒட்டுநாடா அடியில் கிடந்தது. அதன் மேல் ஓர் ஆட்டக்காரி வேகமாக வந்து காலை ஊன்றியிருந்தால் கணுக்கால் என்ன ஆகியிருக்கும்? அதற்கப்புறம் வளையத்தின் உயரம். தரையிலிருந்து சரியாக 10 அடி. அளவுகோலை நிறுத்திப் பார்த்து, தாளில் கையெழுத்துப் போட்டபிறகுதான் வீட்டுக்குப் போகலாம். மரத்துக்கு ஈரம் அதிகமானாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. ஒன்றில் ஊதும், மற்றதில் விரிசல் விடும். அதனால் யாருமே இல்லாத ஜூலை மாதத்திலும் உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் வீணாகிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம், காரணம் இதுதான்.

எங்களுக்கு வருடத்தின் பெரிய ராத்திரி டிசம்பர் பட்டமளிப்புக்கு முந்தைய ராத்திரிதான். மே மாதத்தில் கால்பந்து மைதானத்தில் வைக்கலாம். டிசம்பரில் பனி கொட்டும், உள்ளேதான் நடத்தியாக வேண்டும். சாயங்காலம் ஆட்டம் முடிந்திருக்கும், மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் வந்துவிடுவார்கள். மரத்தரையைப் பாதுகாக்க விரிப்பு, ஒரு பக்கம் மேடை, சக்கர நாற்காலியில் வருபவர்கள் மேடைக்கு ஏறச் சரிவுப் பாதை, பிறகு நாற்காலிகள். வரிசையில் இருக்கிற நாற்காலிகளை ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். தீ விபத்து நேர்ந்து கூட்டம் ஓடினால் தனி நாற்காலிகள் சரிந்து வழியை அடைத்துவிடும். கடைசியாக நேரலைக் கேமராவுக்கு நாலு இருக்கையைக் காலி செய்து இடம் விடுவோம். விசா கிடைக்காமல் ஊரில் நடுச்சாமத்தில் விழித்திருக்கிற அப்பா அம்மாக்கள் பார்ப்பது அந்தக் கேமரா வழியாகத்தான். அதன் கோணத்தை நாங்கள் யாரும் அலட்சியமாக விட்டதில்லை.

இந்த அரங்கங்கள் இப்படி எல்லாவற்றுக்கும் பொதுவாகிப் போனதற்குக் காரணம் குளிர்காலம்தான். விளையாட்டே அப்படிப் பிறந்தது. 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில், வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் பழக்கூடைகளை மாட்டி ஆரம்பித்தார். உள்ளே ஆடும் ஆட்டத்துக்குப் பெரிய கூரை வேண்டும். ஒரு வளாகத்தில் அப்படி ஒரு கூரை வந்துவிட்டால் பெரிய கூட்டம் எதுவானாலும் அங்கேதான் கூடும். கணினி வருவதற்கு முன்பு பல இடங்களில் பாடங்களுக்குப் பதிவு செய்வதற்குக்கூட மாணவர்கள் இங்கேதான் வரிசையில் நின்றார்கள்.

நைஸ்மித் பிறகு பயிற்றுவித்த கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் என்று ஓர் அரங்கம் உண்டு, 1955 மார்ச் 1 அன்று திறந்தது. கொரியப் போர் சமயத்தில் இரும்பு தட்டுப்பாடு. ராணுவப் பயிற்சிக் கூடமாகவும் பயன்படும் என்று காட்டித்தான் இரும்பு வாங்கினார்கள். 1968 மார்ச் 18 அன்று செனட்டர் ராபர்ட் கென்னடி அங்கே பேசினார். நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் கதவுப் பூட்டும் சிறைச்சாலையும் நேபாம் குண்டும் சேர்கின்றன, குழந்தைகளின் ஆரோக்கியமும் படிப்பின் தரமும் சேர்வதில்லை என்று சொன்ன பேச்சு அது. எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் முதல் வகுப்பில் அதை வாசித்துக் காட்டினார். ஒரு கூடைப்பந்துக் கூரைக்கு அடியில் பேசியது என்று தெரிந்தபோது எனக்கு அந்த வேலையின் மேல் மரியாதை கூடியது.

அதற்கு முந்தைய வருடம், 1967 ஏப்ரலில், டென்னஸியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் நினைவு அரங்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசினார். அதே கருத்தரங்கில் கறுப்பின உரிமைப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலும் பேசினார். அந்த வருட டிசம்பரில் அதே தரையில் பெரி வாலஸ் ஆடத் தொடங்கினார், தெற்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் போட்டித் தொகுப்பில் முழுப் பருவமும் ஆடிய முதல் கறுப்பின வீரர்களில் ஒருவர். அந்த அரங்கத்தின் தரை மேடை போல உயர்ந்திருக்கும், அணியின் பெஞ்சுகள் பல காலம் பக்கவாட்டில் இல்லாமல் வளையத்துக்குப் பின்னால் இருந்தன. ஆரம்பத்திலேயே கச்சேரிக்கும் கூட்டத்துக்கும் சேர்த்துத் திட்டமிட்டால் கட்டடம் இப்படித்தான் அமையும். மழைக்குருவி சொன்ன கேமரன் அரங்கத்தின் வரைபடத்தைப் போட்டவர் ஜூலியன் ஏபெல் என்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். 1940-இல் அது திறந்தபோது அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1960-களில்தான் சேர்த்தது. அங்கே ஆட்டம் பார்க்கப் போகும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இண்டியானாபொலிஸில் பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ் இரண்டாம் உலகப் போரில் படைவீரர்கள் தங்கும் கொட்டடியாக இருந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் உள்ள பாலி பெவிலியனில் 1984 ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் நடந்தது, 1988-இல் அதிபர் வேட்பாளர்கள் புஷ், டுகாகிஸ் விவாதமும் அங்கேதான். லாஸ் வேகாஸில் தாமஸ் அண்டு மேக் அரங்கத்தில் டிசம்பர் வந்தால் மரத்தரையை எடுத்துவிட்டு லாரி லாரியாக மண் கொட்டி, காளை, குதிரை அடக்கும் தேசியப் போட்டி 10 நாள் நடத்துவார்கள். அந்த நாட்களில் சொந்த அணியே வேறு இடத்தில்தான் ஆட வேண்டும். மண்ணை அள்ளிய பிறகு ஒரு தூசிகூட இல்லாமல் மறுபடி மேப்பிள் போடுகிற அந்தக் குழுவை நினைத்தால் எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும்.

ஆற்றங்கரை

மேப்பிள்பலகை அண்ணன் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் லூசியானாவில் பேட்டன் ரூஜில் இருக்கிறேன். இங்குள்ள பல்கலைக்கழக அரங்கத்துக்கு பீட் மராவிச் பெயர். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளி எடுத்த மனிதர். இந்த அரங்கம் 1972-இல்தான் திறந்தது, அதனால் கல்லூரி நாட்களில் அவர் இங்கே ஆடியதே இல்லை. அவர் ஆடியது கால்நடைக் கண்காட்சி நடக்கிற கொட்டகையில்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அடித்தது. நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனைகள் வெள்ளத்தில் சிக்கியபோது இந்த அரங்கத்தைத்தான் அவசர மருத்துவமனை ஆக்கினார்கள். பக்கத்திலிருந்த ஓட்டப்பந்தய மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கின. கோர்ட் இருக்க வேண்டிய இடத்தில் கட்டில்கள், மாணவர்கள் தொண்டர்களாக நின்றார்கள். எங்கள் மருத்துவமனையின் மூத்த செவிலியர் ஒருவர் அப்போது அங்கே வேலை பார்த்தவர். அகலமான கதவுகள், வண்டி நேராக உள்ளே வந்து நிற்க இடம், ஏராளமான கழிப்பறைகள், தனி ஜெனரேட்டர், இத்தனையும் ஒரே கட்டடத்தில் வேறு எங்கே கிடைக்கும் என்று இன்றும் சொல்வார். 2020-இல் கொரோனாவின்போது பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் லியாகுராஸ் அரங்கத்தையும் இதே மாதிரி நோயாளிகளுக்குத் தயார் செய்தார்கள். தாமரை, உங்கள் வளாகத்தில் சூறாவளி (டொர்னாடோ) எச்சரிக்கை வந்தால் எந்தக் கட்டடத்துக்குள் போக வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மேற்கில் அது அவசியம். அகலமான கூரையுள்ள அரங்கம்தான் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது, பெரும்பாலும் அடித்தளமும் உள்பக்க நடைக்கூடங்களும்தான் காட்டுவார்கள்.

நெடுஞ்சாலை

எல்லாம் சரி, கட்டண விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஆய்வக நேரம் போதாமல், உட்கார்ந்து படிக்க மேசை கிடைக்காமல் அலைகிற மாணவனிடமும் ஒவ்வொரு பருவமும் விளையாட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள். கச்சேரிக்கு வாடகை விடுகிறார்கள், அந்தப் பணம் எங்கே போகிறது? நான் படித்த இடத்தில் முதுகலை மாணவர் சங்கம் கேட்டும் தெளிவான பதில் வரவில்லை. அரங்கத்தை ரசிப்பதில் தவறில்லை. ஆனால் கணக்கைக் கேட்கிற உரிமை தாமரைக்கும் உண்டு.

தாமரைக்கொடி

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. கென்னடி பேச்சைத் தேடிப் படித்தேன். அண்ணா, கட்டணத்தைப் பற்றி நெடுஞ்சாலை கேட்டதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? வேலைக்கு எப்போது, எங்கே விண்ணப்பிப்பது? எனக்குப் பெரிய உடல்பலம் கிடையாது, பலகை தூக்கும் வேலை கிடைக்குமா?

மேப்பிள்பலகை

நெடுஞ்சாலை கேட்பது நியாயம். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் வரவுசெலவு ஆவணங்கள் பொது ஆவணங்கள், கேட்டுப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது. இளங்கலைச் சங்கம், முதுகலைச் சங்கம் இரண்டும் சேர்ந்து கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். கட்டணம் வாங்குகிறவர்கள் தேர்வு வாரத்திலாவது அரங்கத்தின் வெளிச்சுற்றுக் கூடத்தில் மேசை போட்டுத் திறந்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. மேசை, நாற்காலி, வெளிச்சம், கழிப்பறை எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஒரு காவலருக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். நீங்கள் போனதும் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், நிச்சயம் கைதட்டல் கிடைக்கும்.

சாதாரண நாட்களில் உள்ளே போவது இடத்துக்கு இடம் மாறும். சில வளாகங்களில் வெளிச்சுற்றில் நடைப்பயிற்சிக்கு விடுவார்கள், கோர்ட்டில் கால் வைக்க விடமாட்டார்கள். பந்து தட்டிப் பழக மாணவர் உடற்பயிற்சிக் கூடம் தனியாக இருக்கும், அங்கே போங்கள்.

வேலைக்கு வருவோம். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு, கவனமாகப் படியுங்கள். அரங்கத்துக்குள் நடக்கிற வேலை எல்லாமே வளாக வேலை ஆகிவிடாது. தரை மாற்றுவது, டிக்கெட் பார்ப்பது போன்றவற்றுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் தந்தால் பிரச்சினை இல்லை. கச்சேரியோடு வருகிற ஒலி, ஒளி நிறுவனமோ தின்பண்டக் கடையின் ஒப்பந்ததாரரோ சம்பளம் தருவதென்றால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யாதீர்கள். நல்ல மனிதர்களே "பரவாயில்லை, ஒரு ராத்திரிதானே" என்று கூப்பிடுவார்கள். விசா போனால் அவர்கள் வரமாட்டார்கள்.

உடல்பலம் பற்றிக் கவலை வேண்டாம். பலகை தூக்குவது குழுவின் ஒரு பகுதிதான். எண்களைப் படித்து வரிசை சொல்ல ஒருவர் வேண்டும், வளைய அளவுத் தாளை எழுத ஒருவர் வேண்டும், பட்டமளிப்புக்கு இருக்கை வரைபடம் பார்த்து நாற்காலிகளை எண்ண ஒருவர் வேண்டும். எங்கள் குழுவில் வரிசை சொன்னவர் பயோடெக் படித்த, மெலிந்த ஒரு கேரளத்துப் பெண். அவர் விடுமுறையில் இருந்த ராத்திரிகளில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும்.

வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரமே மாணவர் வேலைத் தளத்தில் நிகழ்ச்சிப் பிரிவு, அரங்கச் செயல்பாடு என்று வருகிறவற்றுக்கு விண்ணப்பியுங்கள். அக்டோபருக்குப் பிறகு இடம் நிரம்பிவிடும். வேலை உறுதி என்ற கடிதம் கையில் வந்ததும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு நாளாகும். அப்புறம், முன்பக்கம் மூடிய கெட்டியான ஷூ ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். செருப்போடு வருபவர்களை முதல் ஷிப்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.